220 வோல்ட் டிசி: எர்த் ஃபால்ட் அலாரம் வருகிறது, எந்த ஃபீடர் என்று சிக்கவில்லை

#1 இளம்பராமரிப்பு

வணக்கம். துணை மின்நிலையப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் 220 வோல்ட் டிசி சிஸ்டம் எர்த் செய்யப்படாதது, அதாவது எந்தத் துருவமும் நிலத்தோடு இணைக்கப்படவில்லை. பேட்டரி, சார்ஜர், அதிலிருந்து பேனல்களுக்கு ஃபீடர்கள் (சப்ளை கொண்டுபோகும் கேபிள்கள்) என்று வழக்கமான அமைப்புதான். விடியற்காலையில் எர்த் ஃபால்ட் (ஒரு துருவத்திலிருந்து நிலத்துக்குக் கசிவு) அலாரம் வருகிறது. வெயில் ஏறியதும் தானாகவே போய்விடுகிறது. மழை நாளில் பகல் முழுவதும் நிற்கிறது.

அலாரம் நிற்கும்போது மல்டிமீட்டரில் பார்த்தால் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே 190 வோல்ட், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே 30 வோல்ட். மற்ற நேரத்தில் இரண்டும் 110-ஐ ஒட்டியே இருக்கும். அனுமதி வாங்கிக்கொண்டு ஃபீடர் எம்சிபிக்களை (சிறிய சர்க்யூட் பிரேக்கர்களை) ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தோம். எதைத் திறந்தாலும் ரீடிங் மாறவில்லை. டிசி கிளாம்ப் மீட்டரைப் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு கேபிளையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தோம், சில ஃபீடரில் பூஜ்யம், சிலவற்றில் ஏதேதோ எண். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 ரிலேக்காரர்

சில விவரம் வேண்டும் தம்பி. அலாரம் கொடுப்பது எந்த வகைக் கருவி, இரண்டு மின்தடையை வைத்து நடுவில் எர்த் எடுக்கும் பழைய பேலன்ஸ் ரிலேயா, சிக்னல் செலுத்தி அளக்கும் இன்சுலேஷன் மானிட்டரா? பேலன்ஸ் ரிலே என்றால் மின்தடை எவ்வளவு? பேட்டரி ஒன்றா இரண்டா? பேனல்களுக்கு டிசி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறதா, இரண்டு முனையிலிருந்துமா? கிளாம்ப் மீட்டரின் மிகச்சிறிய அளவு என்ன?

#3 இளம்பராமரிப்பு

பேலன்ஸ் ரிலேதான் சார். பக்கத்துக்கு 47 கிலோ ஓம். பேட்டரி ஒன்றுதான். கன்ட்ரோல் பேனல் வரிசைக்கு இரண்டு முனையிலும் ஃபீடர் உண்டு, நடுவில் ஒரு ஐசொலேட்டர் இருக்கிறது, அது திறந்துதான் இருக்க வேண்டும். கிளாம்ப் காட்டும் மிகச்சிறிய அளவு 10 மில்லி ஆம்பியர்.

#4 பேட்டரி_அறை

நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நெகட்டிவ் எர்த்துக்கு நெருங்கி வந்திருக்கிறது, அதாவது ஃபால்ட் நெகட்டிவ் பக்கம். பாசிட்டிவ் பக்கம் நல்ல நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 47 கிலோ ஓமில் 190 வோல்ட் விழுகிறது, ஆகவே ஓடுவது 4.04 மில்லி ஆம்பியர். இந்தப் பக்கம் 47 கிலோ ஓமில் 30 வோல்ட், அதில் 0.64 மில்லி ஆம்பியர். மீதி 3.4 மில்லி ஆம்பியர் ஃபால்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். 30 வோல்ட்டை 3.4 மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 கிலோ ஓம். ஈரத்தில் வரும் கசிவுக்கு இது நன்றாகவே பொருந்தும். கம்பி நேராக உலோகத்தில் தொட்டிருந்தால் நெகட்டிவ் பக்கம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும்.

இப்போது கிளாம்ப் விஷயம். தேடுவது 3.4 மில்லி ஆம்பியர், கையில் இருப்பது 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே பார்க்காத மீட்டர். அதுவும் ஹால் சென்சார் கிளாம்ப், பூமியின் காந்தப்புலத்துக்கே ரீடிங் காட்டும். திருப்பிப் பிடித்தால் எண் மாறும். ஆகவே அது காட்டிய பூஜ்யத்தையும் நம்ப வேண்டாம், எண்ணையும் நம்ப வேண்டாம்.

ஏசியில் எர்த் ஃபால்ட் என்றால் பெரிய மின்னோட்டம் ஓடும், ரிலே பிடிக்கும், பிரேக்கர் திறக்கும். அந்தப் பழக்கத்தோடு எர்த் செய்யாத டிசிக்கு வந்தால் வழி தவறும். முதல் ஃபால்ட்டில் எந்த ஃபியூஸும் போகாது, எந்த விளக்கும் மங்காது. வோல்டேஜ் சமநிலை சாய்வதும் சில மில்லி ஆம்பியர் கசிவும்தான் தடயம்.

பேலன்ஸ் ரிலே இல்லாத இடத்தில் கசிவை அளக்க இன்னொரு முறை உண்டு. இன்றைய மல்டிமீட்டரின் உள் மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம், அதனால் அது இரண்டு பக்க விகிதத்தை மட்டுமே சொல்லும், மொத்தக் கசிவைச் சொல்லாது. மீட்டரோடு 100 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை இணையாகப் போட்டு இரண்டு பக்கமும் தனித்தனியாக அளங்கள். பாசிட்டிவ்-எர்த் 150, நெகட்டிவ்-எர்த் 30 வந்தால், 220-லிருந்து இரண்டையும் கழிக்க 40 மிஞ்சும். நெகட்டிவ் பக்க இன்சுலேஷன் 100 பெருக்கல் 40 வகுத்தல் 150, அதாவது சுமார் 27 கிலோ ஓம். பாசிட்டிவ் பக்கம் 100 பெருக்கல் 40 வகுத்தல் 30, சுமார் 133 கிலோ ஓம். எந்தப் பக்கத்துக்குக் கணக்கிடுகிறோமோ, எதிர்ப்பக்க ரீடிங்கால் வகுக்க வேண்டும். இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

#5 கன்ட்ரோல்ரூம்

கணக்கெல்லாம் சரி. ஆனால் 9 கிலோ ஓமுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? சிஸ்டத்தை எர்த் செய்யாமல் விட்டதே ஒரு ஃபால்ட் வந்தாலும் சப்ளை தொடர வேண்டும் என்பதற்காகத்தான். அலாரத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த ஷட்டவுனில் டெர்மினல் எல்லாம் சுத்தம் செய்தால் போதாதா? ஓடுகிற ஸ்டேஷனில் டிசி எம்சிபியைத் திறந்து மூடுவதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. பாதுகாப்பு ரிலேக்கள் அந்த நேரம் குருடாக இருக்கும்.

#6 ரிலேக்காரர்

எம்சிபியைத் திறந்து பார்ப்பது ஆபத்து என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அலாரத்தோடு காத்திருக்கலாம் என்பதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணம் பல இடங்களில் இருக்கிறது.

ஒரு ட்ரிப் சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவிலிருந்து ரிலேயின் ட்ரிப் கான்டாக்ட், அங்கிருந்து நீளமான கேபிளில் பிரேக்கரின் ட்ரிப் காயில், அங்கிருந்து நெகட்டிவ். கான்டாக்டுக்கும் காயிலுக்கும் நடுவில் உள்ள கம்பியை 'நடுக்கம்பி' என்போம். கான்டாக்ட் திறந்திருக்கும்போது நடுக்கம்பி எந்த மின்னழுத்தத்தில் இருக்கும்? பிரேக்கர் மூடிய நிலையில் காயில் வழியாக நெகட்டிவோடு சேர்ந்திருக்கும். காயிலின் மின்தடை கிலோ ஓம்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே நடுக்கம்பியில் எர்த் ஆனாலும் மீட்டர் 'நெகட்டிவ் எர்த் ஃபால்ட்' என்றுதான் காட்டும். தம்பியின் ஃபால்ட் நெகட்டிவ் பஸ்ஸில் (எல்லா ஃபீடரும் தொடங்கும் பொதுக் கடத்தியில்) இருக்கிறதா, ஏதோ ஒரு பிரேக்கரின் நடுக்கம்பியில் இருக்கிறதா என்று 30 வோல்ட் ரீடிங் சொல்லவே சொல்லாது.

நடுக்கம்பியில் எர்த் ஆகி இருக்கும்போது பாசிட்டிவ் பக்கம் எங்காவது இரண்டாவது எர்த் ஆனால்? இரண்டும் நல்ல தொடர்பாக இருந்தால் முழு 220 வோல்ட்டும் காயிலுக்கு வந்துவிடும். யாரும் கட்டளை கொடுக்காமல் பிரேக்கர் திறக்கும். மறுபடி யோசியுங்கள்: நடுக்கம்பியில் எர்த், இரண்டாவது எர்த் நெகட்டிவில். இப்போது காயில் இரண்டு எர்த்துக்கு நடுவில் ஷார்ட் ஆகிவிட்டது. லைனில் உண்மையான ஃபால்ட் வருகிறது, ரிலே சரியாகக் கண்டுபிடிக்கிறது, ட்ரிப் கான்டாக்ட் மூடுகிறது, பேட்டரி ஷார்ட் ஆகி எம்சிபி விழுகிறது, காயில் அசையவே இல்லை. பிரேக்கர் மூடியபடியே இருக்கும், பின்னாலுள்ள பாதுகாப்பு திறக்கும்வரை ஃபால்ட் எரிந்துகொண்டிருக்கும். வேண்டாத நேரத்தில் திறப்பதைவிட இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். முன்னதாகவே காட்டிக்கொடுக்க இதற்கு எந்த அறிகுறியும் கிடையாது, அலாரத்தைத் தவிர. அந்த அலாரத்தைத்தான் ஒப்புக்கொண்டு வைத்துவிடலாம் என்கிறீர்கள்.

ட்ரிப் காயில் பெரும்பாலும் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) விதிப்படி 70 சதவீத வோல்டேஜில் இயங்க வேண்டியது, கொஞ்சம் வலுவான மின்னோட்டமும் கேட்கும், ஆகவே கசிவுக்கெல்லாம் அசையாது. நுண்செயலி ரிலேயின் பைனரி இன்புட் (வெளிக்கம்பியில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கும் உள்ளீடு) அப்படி இல்லை, ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கே விழித்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருக்கும் சிஸ்டத்தில் இன்புட் கம்பி திடீரென்று எர்த்தில் தொட்டால், பாசிட்டிவ், நெகட்டிவ் கேபிள்கள் எர்த்தோடு வைத்திருக்கும் மின்தேக்கம் அந்த இன்புட் வழியாக வெளியேறும். முதல் கணத்தில் இன்புட்டுக்குக் கிடைப்பது பாதி வோல்டேஜ், சுமார் 110. இன்புட்டின் தொடக்க அளவு அதற்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால் ஒரே ஒரு எர்த் ஃபால்ட்டே போதும், பொய்யான ட்ரிப் வரும். 'முதல் ஃபால்ட்டில் ஒன்றும் ஆகாது' என்பது பெரிய காயில்கள் மட்டுமே இருந்த காலத்துப் பேச்சு.

#7 கன்ட்ரோல்ரூம்

காயில் ஷார்ட் ஆகும் கோணத்தை நான் எடைபோடவில்லை, அது நியாயம். ஆனால் என் கேள்வி நிற்கிறது. எம்சிபியைத் திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? தம்பி திறந்து பார்த்தும் கிடைக்கவில்லையே.

#8 கேபிள்தேடி

நான் செய்வது இந்த வேலைதான், ஆகவே கொஞ்சம் நீளமாக.

ஓடும் சிஸ்டத்தில் தேட வழி, எர்த்துக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு சிறிய சிக்னலைச் செலுத்தி, அது எந்த ஃபீடர் வழியாகப் போகிறது என்று கிளாம்பால் பின்தொடர்வது. இரண்டு வகை உண்டு. ஒன்று, சில ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏசி சிக்னல். இன்னொன்று, சில விநாடிக்கு ஒருமுறை மாறும் மெதுவான டிசி பல்ஸ். நிலையாகப் பொருத்தும் கருவிகளில் பெரும்பாலும் இதுதான். மானிட்டருக்கு ஐஇசி 61557-8, ஃபால்ட் இருக்கும் ஃபீடரைத் தேடும் கருவிக்கு 61557-9 என்று தனித்தனித் தரவிதிகளே இருக்கின்றன. பல்ஸின் அளவை மில்லி ஆம்பியர்களுக்குள் கட்டுப்படுத்துவது முக்கியம், இல்லாவிட்டால் ரிலேக்காரர் சொன்ன பைனரி இன்புட்டை நாமே தட்டி எழுப்பிவிடுவோம்.

ஏசி சிக்னலில் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கேபிளின் மின்தேக்கம். ஸ்விட்ச்யார்டு முழுக்க ஓடும் ஒரு நீள ஃபீடர், அதில் தொங்கும் ரிலேக்களின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், எல்லாம் சேர்த்து எர்த்துக்கு 5 மைக்ரோ ஃபேரட் என்று வையுங்கள். 10 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 3.2 கிலோ ஓம். தேடுகிற ஃபால்ட்டோ 9 கிலோ ஓம். அதாவது ஒரு குறையும் இல்லாத நீள ஃபீடர், ஃபால்ட் உள்ள சின்ன ஃபீடரைவிட மூன்று மடங்கு அதிகம் சிக்னலை இழுக்கும். கிளாம்ப் அங்கே கத்தும், ஆட்கள் அந்தக் கேபிளைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். 2 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே கெப்பாசிட்டரின் எதிர்ப்பு 16 கிலோ ஓமுக்கு ஏறிவிடும், ஃபால்ட் முன்னால் தெரியும். ஆகவே கருவி வாங்கும்போது மொத்த மின்னோட்டத்தைக் காட்டுகிறதா, வோல்டேஜோடு ஒத்து ஓடும் மின்தடைப் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுகிறதா என்று கேளுங்கள். பிரிக்காத கருவி பெரிய ஸ்டேஷனில் பயன்படாது.

மெகரை (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் அளக்கும் கருவியை) எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிலேக்கள் தொங்கும் டிசி சர்க்யூட்டில் 500 வோல்ட் மெகர் வைத்தால் பவர் சப்ளை கார்டுகள் போய்விடும். இரண்டு முனையிலும் கழற்றிய தனிக் கேபிளுக்கு மட்டும்தான் மெகர்.

தம்பியின் விவரத்தில் எனக்கு உறுத்துவது வேறு. எந்த எம்சிபியைத் திறந்தும் ரீடிங் மாறவில்லை என்றால் மூன்று காரணம்தான் இருக்க முடியும். ஃபால்ட் பஸ், பேட்டரி, சார்ஜர் பக்கம் இருக்கிறது. அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட ஃபீடரில் இருக்கிறது. அல்லது நீங்கள் திறந்த ஃபீடருக்கு வேறு வழியாகவும் சப்ளை வருகிறது. கிளாம்பில் எண் காட்டிய ஃபீடர்கள் எவை, எந்தத் திசையில் காட்டின என்று எழுதுங்கள். நடுவிலுள்ள ஐசொலேட்டர் திறந்துதான் 'இருக்க வேண்டும்' என்றீர்கள். கண்ணால் பார்த்தீர்களா?

#9 இளம்பராமரிப்பு

பார்த்துவிட்டு வந்தேன் சார். கன்ட்ரோல் பேனல் வரிசையின் இரண்டு முனை ஃபீடர்களில்தான் எண் வந்தது. ஒன்றில் பிளஸ் 0.38 ஆம்பியர், மற்றதில் மைனஸ் 0.37. கிளாம்பைத் திருப்பிப் போட்டும் பார்த்துவிட்டேன், அளவு அப்படியே இருந்தது, குறி மட்டும் மாறியது. 0.38 ஆம்பியர் எர்த்துக்குப் போனால் இவ்வளவு நேரம் புகையே வந்திருக்குமே என்று குழம்பினோம்.

ஐசொலேட்டரின் கைப்பிடி திறந்த நிலையில்தான் இருக்கிறது. கவரைக் கழற்றிப் பார்த்தால் பாசிட்டிவ் பிளேடு திறந்திருக்கிறது, நெகட்டிவ் பக்கம் ஒரு லிங்க் போட்டு இணைத்திருக்கிறார்கள். யார் எப்போது போட்டது என்று வரைபடத்தில் இல்லை.

#10 பேட்டரி_அறை

கிடைத்துவிட்டது, ஃபால்ட் அல்ல, ஃபால்ட்டை மறைத்துக்கொண்டிருந்த திரை.

நெகட்டிவ் இரண்டு முனையிலும் சேர்ந்திருப்பதால் ஒரு ஃபீடரின் பாசிட்டிவில் போகும் லோடு மின்னோட்டத்தில் ஒரு பகுதி மற்ற ஃபீடரின் நெகட்டிவ் வழியாகத் திரும்புகிறது. அதனால் ஒன்றில் பிளஸ், மற்றதில் கிட்டத்தட்ட அதே அளவு மைனஸ். இரண்டையும் கூட்டினால் மிஞ்சுவது கிளாம்பின் பிழைதான். எர்த்துக்கு 0.38 ஆம்பியர் போகவே இல்லை. பேலன்ஸ் ரிலேயின் 47 கிலோ ஓம் வழியாக அவ்வளவு வரவும் முடியாது. உண்மையான 3.4 மில்லி ஆம்பியர் இந்த வளையத்தின் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

எம்சிபி திறந்தும் ரீடிங் மாறாததற்கும் இதுதான் காரணம். நெகட்டிவ் பக்கக் கசிவு அந்த லிங்க் வழியாக மறுமுனையிலிருந்து பஸ்ஸோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. லிங்கை முறையாக அனுமதி வாங்கி எடுங்கள். எடுக்கும் முன், அதன் வழியாக மட்டும் நெகட்டிவ் கிடைக்கும் பேனல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு கம்பி அறுந்ததற்காக அந்த லிங்கைப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு பேட்டரி உள்ள இடங்களிலும் இதே கதை வரும். ஒரு சர்க்யூட் முதல் பேட்டரியிலிருந்து பாசிட்டிவ் எடுத்து இரண்டாவதற்கு நெகட்டிவ் திருப்பினாலோ, எங்காவது ஒரு துருவம் சேர்ந்திருந்தாலோ, இரண்டு சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் அலாரம் வரும். ஒரே நிமிடத்தில் இரண்டு பேட்டரிக்கும் எர்த் ஃபால்ட் என்றால் முதலில் குறுக்கு இணைப்பைத் தேடுங்கள்.

#11 இளம்பராமரிப்பு

லிங்கை எடுத்தாயிற்று. அடுத்த மழையில் கேபிள்தேடி சார் சொன்னதுபோல் குறைந்த அதிர்வெண் சிக்னல் கருவி கொண்டுவந்து தேடினோம். கன்ட்ரோல் பேனலில் ஒரு பே-யின் (ஒரு சர்க்யூட்டுக்கான பிரேக்கர் தொகுதியின்) ட்ரிப் கேபிளுக்குப் போனது. யார்டில் அந்த பிரேக்கரின் மார்ஷலிங் பாக்ஸைத் (கேபிள்கள் வந்து சேரும் டெர்மினல் பெட்டியை) திறந்தால் உள்ளே கதவு முழுக்க நீர்த்துளி. ஸ்பேஸ் ஹீட்டர் எரிந்துபோயிருக்கிறது. பயன்படாத ஒரு கேபிள் கிளாண்டு அடைக்கப்படாமல் திறந்திருக்கிறது, அதன் வழியாக ஈரக்காற்றும் தூசியும். கீழ் வரிசையில் ஒரு டெர்மினலிலிருந்து அதைத் தாங்கும் உலோக ரெயில்வரை ஈரத் தூசி ஒரு கோடாகப் படிந்திருந்தது. நம்பரைப் பார்த்தால் ரிலேக்காரர் சொன்ன நடுக்கம்பி. ட்ரிப் காயிலுக்குப் போகும் கம்பி.

சுத்தம் செய்து, டெர்மினல் மாற்றி, ஹீட்டரும் கிளாண்டும் சரிசெய்தோம். இப்போது இரண்டு பக்கமும் 110. எல்லோருக்கும் நன்றி.

#12 ரிலேக்காரர்

நன்றாகச் செய்தீர்கள். அந்த பே-யின் ட்ரிப்பை ஒருமுறை ரிலேயிலிருந்தே கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மற்ற பாக்ஸ்களின் ஹீட்டரையும் விட்டுவிடாதீர்கள்.

#13 கூரைசோலார்

இந்த இழையைப் படித்ததும் எங்கள் பக்கத்தையும் எழுதத் தோன்றியது. சோலாரில் காலைப் பனிக்கு இன்வெர்ட்டர் 'இன்சுலேஷன் குறைவு' என்று தொடங்க மறுப்பதும், பிறகு தானாகவே சரியாவதும் அன்றாடம் பார்ப்பதுதான். ஐஇசி 62109-2 படி, எர்த் செய்யாத பேனல் வரிசையில் தொடங்கும் முன் இன்வெர்ட்டர் அளக்க வேண்டிய குறைந்தபட்ச இன்சுலேஷன், அதிகபட்ச வோல்டேஜ் வகுத்தல் 30 மில்லி ஆம்பியர். 1000 வோல்ட் சிஸ்டத்துக்கு 33 கிலோ ஓம். அலாரத்தை ரீசெட் செய்துகொண்டே இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் ரிலேக்காரர் சொன்னதேதான், இரண்டாவது ஃபால்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

2009-ல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பெரிய வணிகக் கட்டடத்தின் கூரைப் பேனல்களில் தீப்பிடித்தது இப்படித்தான். அது ஒரு துருவம் எர்த் செய்யப்பட்ட அமைப்பு. எர்த் செய்த துருவத்திலேயே ஒரு கம்பி உலோகத்தில் தொட்டால் அங்கே வோல்டேஜ் வித்தியாசம் மிகக் குறைவு, பாதுகாப்பு ஃபியூஸ் உருகும் அளவுக்கு மின்னோட்டம் ஓடாது. அந்த முதல் ஃபால்ட் தெரியாமலே கிடந்தது. இரண்டாவது ஃபால்ட் வந்தபோது ஃபியூஸ் உருகியது, ஆனால் முதல் ஃபால்ட் வழியாகச் சுற்று ஏற்கெனவே மூடியிருந்ததால் மின்னோட்டம் நிற்கவில்லை. எர்த் செய்யாத அமைப்பும், தினமும் தொடங்கும் முன் இன்சுலேஷன் அளக்கும் வழக்கமும் பரவியதில் இந்தத் தீவிபத்துக்குப் பங்கு உண்டு.

ஃபால்ட் இடத்தைக் கண்டுபிடிக்க சோலாரில் ஓர் எளிய வழி இருக்கிறது, சப்-ஸ்டேஷன்காரர்களுக்கு இது கிடைக்காது. ஸ்ட்ரிங்கை (தொடராக இணைத்த பேனல் வரிசையை) இன்வெர்ட்டரிலிருந்து முறையாகப் பிரித்தபின் இரண்டு முனையிலிருந்தும் எர்த்துக்கு அளங்கள். 20 பேனல், ஒவ்வொன்றும் 40 வோல்ட், மொத்தம் 800. பாசிட்டிவ்-எர்த் 480, நெகட்டிவ்-எர்த் 320 என்று வந்தால், 480 வகுத்தல் 40, பாசிட்டிவிலிருந்து 12-ஆவது பேனலுக்கும் 13-ஆவதுக்கும் நடுவிலுள்ள கனெக்டரிலோ கம்பியிலோ ஃபால்ட். இரண்டு ரீடிங்கும் கூட்டினால் மொத்த வோல்டேஜ் வர வேண்டும், நிலையாகவும் நிற்க வேண்டும். மிதந்துகொண்டு இறங்கினால் அந்த ஸ்ட்ரிங்கில் திடமான ஃபால்ட் இல்லை, அந்த எண்ணை நம்பிப் பேனலைக் கழற்றாதீர்கள். லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

எர்த் ஃபால்ட்டைவிட என்னைக் கவலைப்படுத்துவது தொடர் ஆர்க். தளர்ந்த கனெக்டரில் பொறி பிடித்தால் மின்னோட்டம் கூடாது, குறையும். ஃபியூஸுக்கு அது நல்ல செய்தியாகவே தெரியும். ஆர்க்கில் 40 வோல்ட் விழுந்து 9 ஆம்பியர் ஓடினால் விரல்நுனி அளவு இடத்தில் 360 வாட். 50 ஹெர்ட்ஸ் ஏசி விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் அணைய ஒவ்வொரு முறையும் வாய்ப்பு. டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. அமெரிக்க மின்விதி கட்டடங்களின் மேலுள்ள 80 வோல்ட்டுக்கு மேற்பட்ட சோலார் டிசிக்கு ஆர்க் கண்டறிதலை 2011 பதிப்பில் கட்டாயமாக்கியது. கருவிகள் மின்னோட்டத்தில் வரும் சில கிலோ ஹெர்ட்ஸ் முதல் நூறு கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலைக் கேட்கின்றன. இன்வெர்ட்டரின் ஸ்விட்ச்சிங் இரைச்சலும் அதே இடத்தில்தான் விழுகிறது, அதனால் பொய் ட்ரிப் வருகிறது, அதனால் சிலர் அந்த வசதியையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.

#14 மூன்றாம்தடம்

ரயில் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் 1500 வோல்ட் டிசியில் பிரச்சினை நேர் எதிர். ஃபால்ட் மின்னோட்டம் நிறைய உண்டு, ஆனால் ரயிலின் மின்னோட்டமும் அதே அளவு. ஃபீடரின் கடைசி முனையில் ஷார்ட், சுற்றின் மொத்த மின்தடை அரை ஓம் என்றால் 3000 ஆம்பியர்தான் வரும். ஒரே செக்‌ஷனில் இரண்டு ரயில் ஒன்றாகப் புறப்பட்டாலும் அந்த அளவைத் தொடலாம். அளவை மட்டும் பார்க்கும் பிரேக்கரைக் குறைத்து வைத்தால் ரயில் ஓடாது, ஏற்றி வைத்தால் தூரத்து ஃபால்ட் எரியும்.

அதனால் மின்னோட்டம் ஏறும் வேகத்தையும், ஏறிய மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கிறோம். டிடிஎல் என்று சொல்லும் ரிலே இதைத்தான் செய்கிறது. ஏற்ற வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் அளக்கத் தொடங்கும், வேகம் இன்னோர் அளவுக்குக் கீழே வந்ததும் நிறுத்தும். அதற்குள் மின்னோட்டம் எவ்வளவு கூடியது, எவ்வளவு நேரம் என்பதை வைத்து முடிவு. ரயிலின் ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஏற்றம் செங்குத்தாக இருக்கும், ஆனால் உடனே அடங்கும். மோட்டார் முடுக்கம் வெகுநேரம் நீடிக்கும், ஆனால் மெதுவாக ஏறும். தூரத்து ஷார்ட் வேகமாகவும் ஏறும், அடங்காமலும் நிற்கும். செட்டிங் சரியாக அமைய அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களின் புறப்பாட்டைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். புதுவகை ரயில் வந்தால் மறுபடியும்.

#15 கன்வெர்ட்டர்பிரியை

மூன்றாம்தடம் அண்ணா சொன்னதற்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. கன்வெர்ட்டர்களால் ஊட்டப்படும் டிசி மைக்ரோகிரிட். 400 வோல்ட் பஸ், 20 மில்லி ஓம் சுற்று என்றால் ஷார்ட் ஆன உடன் கெப்பாசிட்டர்கள் 20 கிலோ ஆம்பியரை நோக்கிப் பாயப் பார்க்கும், கம்பியின் இண்டக்டன்ஸ் மட்டும்தான் தடுக்கும். ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் கெப்பாசிட்டர் காலி. அதன்பிறகு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்வெர்ட்டர் தன் அளவைக் கொஞ்சம் தாண்டியதோடு நிறுத்திக்கொள்ளும், சாதாரண எம்சிபி அதை ஓவர்லோடு என்றுகூட எடுத்துக்கொள்ளாது. ஆகவே கண்டறிவது அந்த முதல் பாய்ச்சலிலேயே நடக்க வேண்டும், ஏற்ற வேகத்தைப் பார்த்து, செமிகண்டக்டர் பிரேக்கரோடு. ஏசி கிரிட் போல ஒருங்கிணைப்பு நேரம் வைத்துக் காத்திருக்க இங்கே நேரமே கிடையாது.

உயர் அழுத்தத்திலும் இதே நெருக்கடிதான். 2020-ல் சீனாவின் ஜாங்பெய்யில் இயங்கத் தொடங்கிய 500 கிலோ வோல்ட் டிசி வலையில் சில மில்லி விநாடிக்குள் கண்டுபிடித்துத் துண்டிக்க வேண்டியிருக்கிறது. லைனின் இரண்டு முனையிலும் ரியாக்டர் (பெரிய இண்டக்டர்) வைப்பது மின்னோட்ட ஏற்றத்தைத் தணிக்க மட்டுமல்ல. லைனுக்கு உள்ளே வரும் ஃபால்ட்டின் அலை கூர்மையாக வரும், வெளியே இருந்து வருவது ரியாக்டரில் மழுங்கி வரும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரிலே உள்ளா வெளியா என்று தீர்மானிக்கிறது.

#16 இளம்பராமரிப்பு

மறுபடி ஒரு கேள்வி. பேலன்ஸ் ரிலேயோடு இன்சுலேஷன் மானிட்டரும் வைக்கலாம் என்று எங்கள் மேலதிகாரிகளிடையே பேச்சு போகிறது. பழைய ரிலே நன்றாகத்தானே வேலை செய்தது, மாற்ற வேண்டுமா?

#17 கேபிள்தேடி

மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து, காரணம் சொல்கிறேன். உங்கள் பாக்ஸில் ஈரக்கோடு ஒரு டெர்மினலில் மட்டும் இருந்தது. பாசிட்டிவ் டெர்மினலிலும் அதேபோல் 9 கிலோ ஓம் கசிந்திருந்தால்? இரண்டு பக்கமும் சமம், மீட்டரில் 110-110, ரிலே வாயே திறந்திருக்காது. மொத்த இன்சுலேஷனோ 4.5 கிலோ ஓம். தண்ணீர் நின்ற ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு துருவமும் சேர்ந்து நனைவதுதான் இயல்பு. சமநிலையைப் பார்க்கும் எந்தக் கருவிக்கும் இது தெரியாது. சிக்னல் செலுத்தி அளக்கும் மானிட்டருக்குத் தெரியும்.

வைக்கும்போது இரண்டு விஷயம். பழைய ரிலேயின் 47 கிலோ ஓம் மின்தடைகளைக் கழற்றிவிடுங்கள். விட்டால் அவை இரண்டும் இணையாகி மானிட்டர் எப்போதும் 23.5 கிலோ ஓமுக்கு மேல் காட்டாது, நீங்களும் அலாரத்தை அதற்குக் கீழே இறக்கிவைப்பீர்கள். அடுத்தது, இணைந்த ஒரே வலையில் ஒரு மானிட்டர்தான் இயங்கலாம். இரண்டு இருந்தால் ஒன்றின் சிக்னலை மற்றது கசிவாகப் படிக்கும். இரண்டாவது பேட்டரி வந்து நடுவில் பஸ் கப்ளர் (இரண்டு பஸ்ஸையும் இணைக்கும் சுவிட்ச்) போட்டால், கப்ளர் மூடும்போது ஒரு மானிட்டர் தானாக விலகும்படி அதன் துணைக் கான்டாக்டை வயரிங்கில் சேர்த்துவிடுங்கள்.

அலாரம் எனக்கு இரண்டு நிலை பிடிக்கும்: 50 கிலோ ஓமில் முன்னெச்சரிக்கை, 20-ல் உடனடி நடவடிக்கை. மின்தேக்கம் அதிகமுள்ள ஸ்டேஷனில் மானிட்டர் ஒரு ரீடிங் எடுக்கச் சில பத்து விநாடி ஆகலாம், அதைப் பழுது என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள்.

#18 கன்ட்ரோல்ரூம்

முன்னெச்சரிக்கை அலாரத்தை எங்கள் அறைக்கும் கொண்டுவந்துவிடுங்கள் தம்பி, பேட்டரி அறைப் பேனலில் மட்டும் வேண்டாம். ஷிப்டு பதிவேட்டில் காலை ஆறு மணி இன்சுலேஷன் மதிப்பு என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.